எனக்கு என்னதான் வரும்? பலத்தை வைத்துப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் 29 வருஷம் வேதியியல் எடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகு மே, ஜூன் மாதங்களில் அம்மாபேட்டையில் என் தம்பி நடத்தும் பிரவுசிங் சென்டரில்தான் பகல் முழுக்க இருக்கிறேன். விண்ணப்பம் போட வரும் பிள்ளைகள் தம்பியிடம் ஆதார் கார்டை நீட்டுவார்கள், என்னிடம் சந்தேகத்தை நீட்டுவார்கள். பத்து வருஷமாக அதே சந்தேகங்கள். “அக்கா, இதை ஒரு தடவை எழுதி வெச்சிருங்க, என் காதாவது ஓயும்” என்று தம்பி சொன்னதால் எழுதியது இது. கேள்விகளைக் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே போட்டிருக்கிறேன்.

1. “டீச்சர், எனக்குன்னு ஒரு திறமையும் இல்லை. பாட்டு வராது, டான்ஸ் வராது, படம் வரையவும் வராது. நான் எதை வெச்சுப் படிப்பைத் தேர்ந்தெடுக்கிறது?”

ஆண்டு விழா மேடையில் ஏறுவதுதான் திறமை என்று பிள்ளைகளைப் பழக்கிவிட்டோம். அதில் எனக்கும் பங்கு உண்டு. அதே விழாவில் மைக் செட்காரருக்குப் பாக்கி எவ்வளவு, நாற்காலி எத்தனை குறைகிறது, எந்தக் குழந்தை பயந்துபோய் அழுகிறது என்று திரைக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணை யாரும் மேடைக்குக் கூப்பிட்டுக் கைதட்டவில்லை. அவளும் என்னிடம் வந்து இதே கேள்வியைத்தான் கேட்டாள்.

மற்றவர்கள் தடுமாறும் ஒரு வேலை உங்களுக்குப் பெரிய பாடாக இல்லாமல் முடிகிறதே, அதைத்தான் நான் பலம் என்று சொல்கிறேன். அது பாடத்தின் பெயராக இருக்காது, ஒரு வினைச்சொல்லாக இருக்கும். எண்ணுவது, பிரித்து அடுக்குவது, சண்டையை விலக்குவது, புரியாதவனுக்குப் புரியவைப்பது, கெட்டுப்போனதைத் திறந்து பார்ப்பது. இந்தப் பக்கம் முழுக்க ‘வினைச்சொல்’ என்று நான் எழுதும் இடத்தில் எல்லாம் இதையே நினைத்துக்கொள்ளுங்கள்.

2. “மேத்ஸ்ல 96 வாங்கியிருக்கேன். அப்போ மேத்ஸ்தானே என் பலம்?”

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தமிழில் நாம் மூன்று வார்த்தைகளைத் தனித்தனியாகச் சொல்கிறோம்: தெரியும், பிடிக்கும், வரும். ‘அவனுக்குக் கணக்குத் தெரியும்’ என்பது வேறு, ‘அவனுக்குக் கணக்கு வரும்’ என்பது வேறு. தெரிந்ததற்குத்தான் மார்க் போடுகிறோம். ஐந்து வருஷக் கேள்வித்தாளைப் போட்டுப் பார்த்து வாங்கிய 96க்கும், பார்த்தே இராத கணக்கை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் மல்லுக்கட்டச் சலிக்காதவனின் 81க்கும் வித்தியாசம் உண்டு. பொறியியல் முதல் வருஷத்தில் கணக்குத் தாளில் அரியர் வைத்துவிட்டு வந்த 96களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவரின் மகன் ஒருவன். எந்தப் பாடத்திலும் எழுபதைத் தாண்டியதில்லை. ஆனால் பட்டறையில் எடை நோட்டு அவன் கையில்தான் இருந்தது. கூலிக்காரருக்கு எத்தனை கிராம் வெள்ளி கொடுத்தோம், எத்தனை கிராம் கொலுசாகத் திரும்பி வந்தது, அரம் போட்டதில் விழுந்த தூள் எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று எட்டு ஆள் கணக்கையும் இரவு பத்து மணிக்குள் நேர்செய்துவிடுவான். இரண்டு கிராம் இடித்தால் தூங்க மாட்டான். அவனை நான் சிஎம்ஏ (செலவுக் கணக்கியல் படிப்பு) ஃபவுண்டேஷன் எழுதச் சொன்னேன். “டீச்சர், நான் பயோ மேத்ஸ் குரூப்பாச்சே” என்றான். சிஏ, சிஎம்ஏ இரண்டின் முதல் நிலைக்கும் பிளஸ் டூவில் எந்த குரூப் என்ற தடை இல்லை. இந்த விஷயம் தெரியாமல் இன்னமும் பாதிப் பிள்ளைகள் ஒதுங்கிவிடுகிறார்கள்.

3. “அப்போ பிடிச்சதைப் படின்னு சொல்றீங்களா?”

அப்படிச் சொல்லவில்லை. எனக்கு மாம்பழம் பிடிக்கும். அதற்காகத் தோப்பில் பூப் பூக்கும் நேரத்தில் மருந்தடிக்கவும் பிடிக்கும் என்று ஆகாது. பதினேழு வயதில் பெரும்பாலும் ஒரு வேலையின் பலன்தான் பிடிக்கிறது: வெள்ளைக் கோட்டு, விமானம், சமையல் நிகழ்ச்சியில் கடைசியாகத் தட்டில் வைக்கும் அந்த மல்லித்தழை.

எந்த வேலையிலும் பாதி சலிப்பானது. வக்கீலுக்கு வாய்தா, செவிலியருக்கு இரவுப் பணி, நிரல் எழுதுகிறவருக்கு யாரோ எழுதிவிட்டுப் போனதைத் திருத்துவது. எந்த வேலையின் சலிப்பான பாதியை உங்களால் முணுமுணுக்காமல் செய்ய முடிகிறதோ, அதுதான் உங்களுக்கு ‘வரும்’. பிடிப்பதும் வருவதும் ஒன்றாக அமைந்தால் அதிர்ஷ்டம். அமையாவிட்டால் வருவதை வைத்துச் சம்பளம் வாங்குங்கள், பிடித்ததை ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள். இது கொஞ்சம் கறாரான கருத்துதான். என் தம்பிக்கே இதில் சம்மதமில்லை.

4. “சரி, எனக்கு எது வரும்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?”

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். பத்து நாள், தூங்குவதற்கு முன் மூன்று வரி: இன்று யாரும் சொல்லாமல் நானாக எதைச் செய்தேன், எதைச் செய்யும்போது நேரம் போனது தெரியவில்லை, என்னிடம் யார் எந்த உதவிக்கு வந்தார்கள். மூன்றாவது வரியை விட்டுவிடாதீர்கள். ஊரார் நம்மிடம் எதற்கு வருகிறார்கள் என்பது நமக்குத் தெரியாத நம் பலத்தைக் காட்டிவிடும். பிறகு உங்களைத் தெரிந்த மூன்று பேரிடம் கேளுங்கள். அதில் ஒருவர் உங்களோடு சண்டை போட்டவராக இருந்தால் நல்லது.

அம்மாபேட்டைப் பெண் ஒருத்தி. வீட்டில் பட்டுத் தறி, மேலே ஜக்கார்டு பெட்டி. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பெட்டியிலிருந்து துளை போட்ட அட்டைகள் சரமாகத் தொங்கும். குறுக்கே ஓடும் ஒவ்வொரு ஊடை இழைக்கும் ஓர் அட்டை. துளை இருக்கும் இடத்தில் நீளவாக்கில் ஓடும் பாவு இழை எழும்பும், இல்லாத இடத்தில் எழும்பாது. அப்படித்தான் சேலையில் மாங்காயும் மயிலும் வருகிறது. ஒருநாள் பார்டரில் ஒவ்வொரு மாங்காயிலும் காம்புக்குக் கீழே ஓர் இழை தவறியிருந்தது. அப்பா பாவில் அறுந்த இழையைத் தேடிக்கொண்டிருந்தார். இவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “இழை அறுந்திருந்தா கோடு மாதிரி நீளமா ஓடணும்ப்பா. இது மாங்காய்க்கு ஒரு தடவைதான் வருது. தப்பு அட்டையில இருக்கு” என்றாளாம். ஊசி முனையால் மாங்காயின் அடியிலிருந்து ஊடையை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போய், அத்தனையாவது அட்டையை இழுத்துப் பார்த்தால் ஒரு துளையில் பிசிறு அடைத்திருந்தது.

அவள் அம்மா அவளை ஃபேஷன் டிசைனிங் சேர்க்க வந்திருந்தார், நெசவாளர் வீட்டுப் பெண் என்பதற்காக. துணி என்பது அவள் வளர்ந்த வீடு. ‘வரிசையாகப் போகும் ஒன்றில் பிழை எங்கே என்று தேடுவது’ என்பதுதான் அவளுடைய வினைச்சொல். பிரான்சில் ஜக்கார்டு 1804 வாக்கில் செய்த அந்தத் துளை அட்டை யோசனையைத்தான் பிற்காலத்துக் கணினிகளும் எடுத்துக்கொண்டன என்பதை அன்று அவர்களுக்குச் சொன்னேன். கணினி அறிவியலில் பி.எஸ்சி. முடித்து இப்போது கோயம்புத்தூரில் மென்பொருள் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். பிளஸ் டூ கணினிப் பாடத்தில் அவள் மார்க் 68.

5. “ஆன்லைன் டெஸ்ட் எழுதினா தெரிஞ்சிடாதா? விரல் ரேகை பார்த்தும் சொல்றாங்களே?”

இரண்டும் ஒன்றல்ல. விரல் ரேகை தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடுகிறது. அதிலிருந்து மூளையின் எந்தப் பகுதி வலுவானது, பிள்ளை டாக்டரா ஆடிட்டரா என்று சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. சில ஆயிரம் ரூபாயைக் கட்டிவிட்டு, வண்ண வண்ணமாக அச்சடித்த நாற்பது பக்கத்தோடு வந்த பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காசில் பிள்ளையை ஒரு வாரம் எங்காவது வேலை பார்க்கும் இடத்துக்கு அழைத்துப் போயிருக்கலாம்.

கேள்விகளுக்குப் பதில் சொல்லும் விருப்பத் தேர்வுகள் வேறு வகை. அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959இல் முன்வைத்த ஆறு வகைப் பிரிப்பில்தான் பல தேர்வுகள் நிற்கின்றன: கையால் செய்பவர், ஆராய்பவர், படைப்பவர், பிறருக்கு உதவுபவர், முன்னின்று நடத்துபவர், ஒழுங்குபடுத்துபவர். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் தளத்தில் 60 கேள்விகள் கொண்ட ஒன்று இலவசமாகவே இருக்கிறது. எழுதிப் பாருங்கள், பொழுதாவது போகும். ஆனால் அது உங்களுக்கு எது பிடிக்கும் என்பதைத்தான் கேட்கிறது, எது வரும் என்பதை அல்ல. நீங்கள் சொன்னதையே வரிசைப்படுத்தித் திருப்பிக் கொடுக்கும். நான்காம் கேள்வியின் நோட்டும் அந்த முடிவும் ஒத்துப்போனால் நம்பலாம். ஒத்துப்போகாவிட்டால் நான் நோட்டின் பக்கம்.

6. “என் வினைச்சொல் தெரிஞ்சிடுச்சு. அதுக்கு எந்தக் கோர்ஸ்னு சொல்லுங்க.”

ஒரு வினைச்சொல்லுக்கு ஒரே கோர்ஸ் என்று பொருத்தம் பார்க்க இது ஜாதகம் இல்லை. ‘வரைவது’ என்று எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடக் கலைக்கான பி.ஆர்க். போகலாம், அதற்கு நாட்டா என்ற நுழைவுத் தேர்வு. சென்னை, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. ஃபேஷன் படிப்புக்கு நிஃப்ட் இருக்கிறது. நம் சேலத்திலேயே 1960 முதல் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, அங்கே டிப்ளமோவும் பி.டெக்.கும் உண்டு. ஐடிஐயில் கட்டட வரைவாளர் படிப்பு இருக்கிறது. அளவு பார்த்து வரைபவரும் மனதில் தோன்றியதை வரைபவரும் ஒரே இடத்துக்குப் போக முடியாது என்பதால், வினைச்சொல்லோடு ஒரு ‘எப்படி’யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேகமாகவா, நுணுக்கமாகவா, தனியாகவா, ஆட்களோடா?

‘பிராணிகளைப் பழக்குவது, நோய் வந்தால் கண்டுபிடிப்பது’ என்றால் எல்லோருக்கும் முதலில் எம்பிபிஎஸ் ஞாபகம் வருகிறது, அடுத்த நிமிஷம் நீட் ஞாபகம் வந்து முகம் வாடுகிறது. தமிழ்நாட்டு இடங்களுக்குக் கால்நடை மருத்துவச் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் நடக்கிறது. நம் மாவட்டத்திலேயே தலைவாசலில் கல்லூரி இருக்கிறது. ‘வாதாடுவது’ என்றால் சேலம் அரசு சட்டக் கல்லூரி. ஐந்து வருஷப் படிப்புக்கு அதே பிளஸ் டூ மார்க்தான்.

எந்தக் கோர்ஸாக இருந்தாலும் அதன் இரண்டாம், மூன்றாம் வருஷப் பாடத்திட்டத்தை இறக்கிப் பாருங்கள். முதல் வருஷம் எல்லா இடத்திலும் பிளஸ் டூவின் தங்கச்சிதான், அதைப் பார்த்து ஒன்றும் தெரியாது. மூன்றாம் வருஷத் தலைப்புகளைப் படிக்கும்போது உங்கள் வினைச்சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று பென்சிலால் கோடு போடுங்கள்.

7. “நாங்க ஏற்காட்டுல இருக்கோம். இங்க எஸ்டேட்டும் ஹோட்டலும்தான். மத்த வேலை எப்படி இருக்கும்னே நாங்க பார்த்ததில்லையே?”

நியாயமான கேள்வி. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து ஒரு விண்ணப்பம் போட்டுவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற பிள்ளையிடம் ‘பல துறைகளைப் பார்’ என்று சொல்வது எளிது. ஆனால் மலையில் இருப்பதையே நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்பேன். தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. அங்கெல்லாம் சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பவர்கள் என்ன படித்துவிட்டு வந்தார்கள் என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்?

எனக்கு ஏற்காட்டு மாணவி ஒருத்தி இருந்தாள், இங்கே சித்தி வீட்டில் தங்கிப் படித்தாள். வேதியியல் எழுத்துத் தேர்வில் சுமார்தான். ஆனால் உப்புப் பகுப்பாய்வில் சோதனைக் குழாயிலிருந்து அமோனியா வருவதை வகுப்பில் முதலில் சொல்வது அவள். கேட்டால், அப்பா எஸ்டேட்டில் காபிப் பழம் அரைக்கும் இடத்தில் வேலை. தோல் நீக்கிய கொட்டையைத் தொட்டியில் போட்டுப் பிசுபிசுப்பு விடும்வரை புளிக்க வைப்பார்கள். நேரம் தப்பினால் ஒரு கெட்ட புளிப்பு ஏறிவிடும், அது குடிக்கும் காபி வரைக்கும் வரும். “இன்னைக்குத் தொட்டி முந்திடுச்சுப்பா” என்று வாசலில் நின்றே சொல்வாளாம். மூக்கால் தரம் பிரிப்பது ஒரு வேலையா என்று சிரித்தாள். காபி வாரியம் பெங்களூரில் காபித் தரம் பற்றி முதுநிலைப் பட்டயப் படிப்பே நடத்துகிறது. அறிவியலில் ஒரு பட்டம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். பி.எஸ்சி. வேதியியல் படித்து அங்கே போனாள்.

வேலையைப் பார்க்க வழி கேட்டால், ஒரே ஒரு யோசனைதான் என்னிடம் இருக்கிறது. மனதில் இருக்கும் வேலையைச் செய்யும் ஒருவரிடம் போய், “நேத்து காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் என்னென்ன பண்ணீங்க?” என்று கேளுங்கள். ‘உங்கள் துறை எப்படி?’ என்று கேட்டால் பிரசங்கம் கிடைக்கும். ‘நேற்று’ என்று கேட்டால்தான் உண்மை கிடைக்கும்.

8. “எங்க அப்பா இன்ஜினியரிங் தவிர வேற பேச்சே எடுக்கக் கூடாதுங்கறார். என்ன பண்றது?”

அப்பாவைக் கொஞ்சம் அவர் இடத்திலிருந்து பாருங்கள், கண்ணு. 1980களில் சேலம் உருக்காலை ஓடத் தொடங்கிய காலத்தில், தெருவில் யார் வீட்டில் நிரந்தர வேலை வந்ததோ அந்த வீட்டுக்குத்தான் முதலில் மாடி வந்தது. அதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். ‘இன்ஜினியரிங்’ என்று அவர் சொல்வதற்கு அர்த்தம் ‘என்னைப் போலத் தறிச் சத்தத்தில் நீ காது கெட்டுப்போகக் கூடாது’ என்பதுதான். ‘எனக்கு அது பிடிக்கலை’ என்ற பதில் அந்தப் பயத்துக்கு மருந்தாகாது.

ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: படிப்பின் பெயர், மொத்தக் கட்டணம், முடித்தால் போகக்கூடிய மூன்று இடம், அந்தப் படிப்பு முடித்து வேலையில் இருக்கும் ஒருவரின் தொலைபேசி எண். கடைசி வரிதான் வேலை செய்யும். முன்பின் தெரியாத ஒருவர் “ஏனுங்க, நான் இதைப் படிச்சுத்தானுங்க இப்ப சம்பாதிக்கறேன்” என்று போனில் சொன்னால், நாம் பத்து நாள் அழுததைவிட அது ஏறும். விண்ணப்பத்தில் அப்பா சொன்னதும் ஒன்று இருக்கட்டும். கௌரவம் போகாமல் இறங்கி வர அவருக்கும் ஒரு படி வேண்டும் அல்லவா.

9. “ஆத்தூர்ல எங்களுக்கு சேகோ ஃபேக்டரி இருக்கு. அதையே பார்த்துக்கிட்டா போதாதா, எதுக்குப் படிப்பு?”

போதும், உங்கள் வினைச்சொல் அந்த ஆலைக்குள் எங்காவது இருந்தால். ஒரு ஜவ்வரிசி ஆலையில் பத்து வேலை இருக்கிறது: கிழங்கில் மாவு எவ்வளவு என்று பார்த்து விலை பேசுவது, இயந்திரம், களத்தில் காயவைப்பது, கழிவுநீர், வடக்கே விற்பது, வங்கி. இதில் உங்களுக்கு எது வரும்? ஆட்களோடு பேசி விற்பது வரும் என்றால் வணிகம். கழிவுநீரும் தரமும் என்றால் வேதியியலோ உணவுத் தொழில்நுட்பமோ. ஒன்றுமே வராது, ஆனால் முதலாளி நாற்காலி மட்டும் பிடிக்கும் என்றால் மூன்றாம் கேள்விக்குத் திரும்பிப் போங்கள்.

10. “என் கட் ஆஃப் 138. என் பலத்துக்கு ஏத்த பிராஞ்ச் நல்ல காலேஜ்ல கிடைக்காது. காலேஜைப் பார்க்கறதா, பிராஞ்சைப் பார்க்கறதா?”

முதலில் பொறியியல் சேர்க்கைக்கான கட் ஆஃப் கணக்கு, இதிலேயே பலர் குழம்புகிறார்கள்: கணிதம் நூற்றுக்கு அப்படியே, இயற்பியல் பாதி, வேதியியல் பாதி, மொத்தம் 200. கணிதம் 70, இயற்பியல் 64, வேதியியல் 72 என்றால் 70, 32, 36. ஆக 138.

வினைச்சொல் தெளிவாகத் தெரிந்தவர் பிராஞ்சைப் பிடியுங்கள். இன்னும் புகையாக இருப்பவர் கல்லூரியைப் பிடியுங்கள், ஆய்வகமும் ஆசிரியரும் நல்லபடி இருக்கும் இடத்தில் தேடிக்கொள்ள நேரம் கிடைக்கும். விளம்பரப் பலகையில் இருக்கும் ‘அதிகபட்சச் சம்பளம்’ ஒரே ஒரு பிள்ளையுடையது. சென்ற வருஷம் அந்தப் பிராஞ்சில் மொத்தம் எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்கு வேலை, நடுவில் இருப்பவருக்குச் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில்.

இன்னொரு வழியை யாரும் மதிப்பதில்லை. கையால் செய்வது வரும், எழுத்துத் தேர்வு வராது என்கிறவர்கள் பிளஸ் டூவுக்குப் பிறகு பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருஷம் சேரலாம். இரண்டு வருஷத்தில் டிப்ளமோ. அப்புறம் பி.இ.யிலும் நேரடி இரண்டாம் வருஷம். நேராகப் போனவரைவிட ஒரே ஒரு வருஷம்தான் கூடுதல், கையில் இரண்டு சான்றிதழ். டிப்ளமோ வழியாக வந்தவன் பி.இ. எட்டாவது செமஸ்டரில் லேத் பக்கத்தில் நிற்கிற நிலையைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

11. “பலமெல்லாம் சரி டீச்சர், காசுக்கு எங்க போறது?”

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. மருத்துவத்தில் 2020இல் வந்தது, பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021இல். அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசு கட்டுகிறது. நான் வேலை பார்த்தது போன்ற அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது கிடையாது. இதைச் சொல்லி எத்தனை முகம் வாடக் கண்டிருக்கிறேன். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் (2022), தமிழ்ப் புதல்வன் (2024) திட்டங்கள் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழை இப்போதே எடுத்துவையுங்கள். கலந்தாய்வு தொடங்கிய பிறகு இ-சேவை மையத்தில் நிற்காதீர்கள்.

கடன் வாங்கும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை. வினைச்சொல் தெரியாமல் பெரிய கடனில் சேராதீர்கள். அரசுக் கலைக் கல்லூரியில் குறைந்த கட்டணத்தில் ஒரு பட்டம் படித்துக்கொண்டே தேடுவது அவமானம் இல்லை. நம் ஊர் அரசுக் கலைக் கல்லூரி 1857இலிருந்து இருக்கிறது.

12. “சேர்ந்தாச்சு, ரெண்டாவது வருஷம். இது எனக்கு வரலைன்னு இப்பதான் தெரியுது.”

ஒரு மாதம் பொறுங்கள். வராதது படிப்பா, ஒரு ஆசிரியரா, விடுதிச் சாப்பாடா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நான்காம் கேள்வியின் நோட்டை மறுபடி எழுதுங்கள், இந்த முறை கல்லூரி வேலைகளை மட்டும் வைத்து.

படிப்புதான் என்றாலும் எல்லாம் போய்விடவில்லை. பட்டம் முடித்தால் மூன்று வருஷச் சட்டப் படிப்பு, எம்பிஏ, டிஎன்பிஎஸ்சி குரூப் 1, குரூப் 2 எல்லாம் எந்தப் பட்டத்துக்கும் திறந்தே இருக்கின்றன. உள்ளேயே இருந்துகொண்டு திசையை மாற்றவும் வழி உண்டு. மெக்கானிக்கல் படித்துக்கொண்டே விளக்குவதும் எழுதுவதும் நன்றாக வரும் பையன் ஒருவன் இயந்திரங்களுக்கு இயக்கக் கையேடு எழுதும் வேலைக்குப் போனான். இயந்திரம் தெரிந்தவர்களில் எழுத வருகிறவர்கள் குறைவு, அதனால் அவனுக்கு மதிப்பு. இரண்டு சுமாரான பலங்கள் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது ஒரு பெரிய பலத்தைவிட விலை போகிற நேரமும் உண்டு.

13. “ஏஐ வந்தா நாங்க படிக்கிறது எல்லாம் வீண்தானே?”

நான் வேலையில் சேர்ந்தபோது தட்டச்சு ஹையர் முடித்தவருக்கு இருந்த மரியாதையைப் பார்த்தவள் நான். வேலையின் பெயர் போகும், வினைச்சொல் அவ்வளவு சீக்கிரம் போகாது. அம்மாபேட்டைப் பெண்ணிடம் இதையே கேட்டேன். “இப்போ நிரலை அது எழுதுது டீச்சர், அதுல தப்பு எங்கன்னு நான்தான் தேடறேன். வேலை ஜாஸ்தியாயிடுச்சு” என்றாள். அவளுக்கு அப்படி, எல்லோருக்கும் அப்படியே இருக்கும் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

14. “நீங்க சொல்லி, தப்பாப் போனவங்க யாராவது இருக்காங்களா?”

இருக்கிறார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு அம்மா, சேலை முந்தானையில் விண்ணப்பக் காசை முடிந்துகொண்டு வந்தவர். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

ஒரு பையன், அதிகம் பேச மாட்டான். அளவுகோல் இல்லாமல் நேர்க்கோடு போடுவான். பள்ளிக் கட்டடத்தை மூன்று பக்கத்திலிருந்தும் வரைந்து என்னிடம் கொடுத்தான். நான் உடனே பி.ஆர்க். என்றேன், நாட்டாவுக்கும் உட்கார வைத்தேன். ஐந்து வருஷப் படிப்பு, தனியார் கல்லூரி. அவன் அப்பா இரண்டு விசைத்தறியை விற்றுத்தான் கட்டினார். மூன்றாம் வருஷ விடுமுறையில் வந்து நின்றான். “டீச்சர், எனக்கு வரையத்தான் வரும். வரைஞ்சதை வெச்சு நாலு பேர் முன்னாடி சண்டை போட வரலை” என்றான். ஒவ்வொரு செமஸ்டரிலும் ஜூரி என்று ஒன்று உண்டாம். வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, ஏன் இந்தத் தூண், ஏன் இந்த ஜன்னல் என்று கேட்பவர்களுக்கு முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டுமாம். எனக்கு அது தெரியாது. அந்தப் படிப்பின் ஒரு வினைச்சொல்லை மட்டும் பார்த்துவிட்டு, மற்ற வினைச்சொற்களை நான் விசாரிக்கவே இல்லை.

படிப்பை முடித்துவிட்டான். இப்போது ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபடம் மட்டும் போட்டுக் கொடுக்கிறான், வாடிக்கையாளரைச் சந்திக்கும் வேலை வேறொருவருக்கு. போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது, பிள்ளைகளிடம் கேட்பதற்காக நான் எழுதி வைத்திருந்த கேள்வித் தாளை எடுத்துப் படித்தான். பேனா வாங்கி, கடைசியில் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தான்: ‘இந்த வேலையில் யாரிடம், எதற்காகத் திட்டு வாங்க வேண்டியிருக்கும்?’ ஏழாம் கேள்வியில் சொன்ன ‘நேற்று’ கேள்வியோடு இப்போது இதையும் கேட்கச் சொல்கிறேன்.